பெட்டி மூடியில் இருந்த ராணி

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு கடைசியில் சின்ன வயதில் வாங்கிய அடிகளில்தான் போய் நிற்கிறது. யார் எதற்கு வாங்கினோம், எதால் வாங்கினோம் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொள்கிறோம். போன மாதம் நம்மில் ஒருத்தி, அந்த ஓய்வுபெற்ற டீச்சர், தன் பேரன் தபால் முத்திரை சேர்க்கத் தொடங்கியிருக்கிறான் என்றாள். பழைய முத்திரையில் எதற்கு விலை அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைக் கேட்டாள். சின்ன வயதில் எனக்கு அந்தப் பைத்தியம் இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்கு மேலே, பூனாகலைப் பக்கமாக இறங்கும் சரிவில் இருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும் பெரியப்பாவின் காம்பராவும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகாத சுவர். பெரியப்பா குடித்துவிட்டு வந்து பெரியம்மாவை அடிக்கும்போது சத்தம் அந்த இடைவெளி வழியாக எங்கள் பக்கம் விழும். பாத்திரம் உருளும், பிறகு தலை சுவரில் மோதும், எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு உதிரும். அம்மா எழுந்து போக மாட்டாள். அப்பா கம்பளியை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். "அவரு சாது" என்று லயத்தில் எல்லோரும் அப்பாவைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் முதல் முத்திரை தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால், குப்பை எரிக்கும் குழியில் கிடைத்தது. பாதி கருகிய உறை. மூலையில் நீல நிறத்தில் ஒரு வெள்ளைக்காரியின் தலை, நெருப்புப் படாமல் தப்பியிருந்தது. நான் குனிந்து எடுத்ததைப் பெரிய கிளாக்கர் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டார். கையில் அடிமட்டத்தோடு வெளியே வந்தார்.

"தொரையோட காயிதத்தையா எடுக்கிற? கைய நீட்டு!"

அடிமட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து அடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். முட்டி தோல் கிழிந்து இரத்தம் வந்தது. மற்றக் கையில் உறையைப் பொத்திக்கொண்டே ஓடினேன்.

அதைப் பார்த்துக் கண்ணை விரித்தது அண்ணன்தான். அண்ணன் என்றால் பெரியப்பாவின் மகன். என்னைவிட மூத்தவன், அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருகிறவன். அங்கே கடைக்காரர்களின் பிள்ளைகள் முத்திரை சேர்ப்பதைப் பார்த்து அவனுக்கும் ஆசை பிடித்திருந்தது.

"பிச்சுத் தொலைச்சிராத புள்ள. தண்ணியில போடணும்."

இருவரும் கற்றுக்கொண்டது பாழாக்கிப் பாழாக்கித்தான். முதலில் சுடுதண்ணீரில் போட்டோம். சிவப்பு முத்திரை ஒன்று சாயம் விட்டுக் கோப்பைத் தண்ணீரே ரோஜா நிறமாகிவிட்டது. பிறகு வெறும் பச்சைத்தண்ணீர். பசை இளகும்போது ஒரு புளித்த வாசனை வரும், இன்றும் என் மூக்கில் இருக்கிறது. தானாகக் கழன்று மிதக்கும் வரை தொடக் கூடாது. எடுத்ததும் முகம் கீழாகப் பழைய பேப்பரில் போட்டுக் காயவிட வேண்டும். கோதுமை மாவுப் பசையால் ஒட்டிய முதல் பக்கத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒட்டுவதையே விட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் நாடு நாடாகப் பிரித்துப் போட்டு வைத்தோம். இந்தியாவில் இருந்து லயத்துக்கு வரும் கடிதங்களின் உறைகள்தான் எங்களுக்குப் பெரும் வரவு. ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எழுதுவார்கள், இங்கே இருப்பவர்கள் வாசித்து அழுவார்கள். அழுது முடிக்கும் வரை வாசலில் காத்திருந்து உறையைக் கேட்டு வாங்குவோம்.

எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பதை அண்ணன் அடிபட்டுக் கற்றான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பெரிய முக்கோண முத்திரை ஒன்றைக் காட்டினான், பச்சையும் பொன்னுமாகப் பறவைப் படம். அதற்காக அண்ணன் எங்களிடம் இருந்த பழைய ராஜாத் தலைகளை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் வேறொருவன் சிரித்தான்: பளபளப்பாகப் பெரிதாக இருப்பதெல்லாம் பிள்ளைகளை ஏமாற்ற அடித்துத் தள்ளுவது, பாக்கெட்டில் போட்டு விற்பது. அண்ணன் முதலாமவனிடம் போய் ராஜாத் தலைகளைத் திருப்பிக் கேட்டான், அவன் தரவில்லை. அண்ணன் அவன் காதைக் கடித்தான். அவன் சிலேட்டின் மூலையால் அண்ணன் மண்டையில் போட்டான். தலையில் துணிக்கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பெரியப்பா மறுபடி அடித்தார், கட்டுக்கு மேலேயே.

அன்று அண்ணன் அழவில்லை. அவர்கள் காம்பரா மூலையில் இருந்த தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தபடி என்னிடம் சொன்னான்: "பழசுங்கிறதுக்காக வெல வராது புள்ள. எத்தன அச்சடிச்சான், எத்தன மிஞ்சியிருக்கு, அதுதான் கணக்கு. ஓரம் கிழியக் கூடாது, பல்லு ஒண்டும் ஒடையக் கூடாது, சீலு மொகத்துல விழக் கூடாது." பல்லு என்று அவன் சொன்னது முத்திரையின் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளை. எனக்கு இன்றுவரை அதைவிட நல்ல பாடம் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்.

அந்தப் பெட்டி தாத்தாவுடையது. நாங்கள் பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். தகரப்பெட்டி, பூட்டு உடைந்தது, மூத்தவர் என்பதால் பெரியப்பாவிடம் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கப் படங்கள் ஒட்டியிருக்கும்: முருகன், தீப்பெட்டி லேபிள்கள், ஒரு சோப்பு உறை. அவற்றுக்கு நடுவே ஒரு வயதான ராணியின் தலை, முத்திரை அளவில். சிவப்பும் இல்லாத ஊதாவும் இல்லாத ஒரு மங்கிய நிறம். தாத்தாவின் அப்பா ஒட்டியது என்று பெரியம்மா சொல்வாள். நாங்கள் தினமும் பார்த்தும் அதைப் பொருட்படுத்தியதே இல்லை, அந்த மழைக்காலம் வரை.

கவ்வாத்து நடந்த மாதம் அது. தேயிலைச் செடிகளை இடுப்பு உயரத்துக்கு வெட்டித் தள்ளும் வேலை. ஆண்கள் வளைந்த கத்தியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள், வேலை முடித்து மதியத்துக்குப் பிறகு வந்துவிடுவார்கள். லயத்து வாசல் முழுக்கப் பச்சைக் கிளை வெட்டிய வாசனையும் கத்தி தீட்டுகிற சத்தமும்தான். அப்படியொரு பிற்பகலில் அண்ணன் மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த பேப்பர் ஒன்றை விரித்து வாசித்தான். எங்கள் நாட்டுப் பழைய முத்திரை ஒன்றைப் பற்றிய செய்தி அது. ராணித் தலை போட்டது, மங்கிய ரோஜா நிறம், ஓரத்தில் பல் இல்லாதது, உலகத்திலேயே சிலதான் மிச்சம். அதை வைத்திருக்கிறவன் ஒரு பங்களா வாங்கலாம் என்று எழுதியிருந்தது.

அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ வாசி."

அண்ணன் வாசித்தான். பெரியப்பா தன் வாசலில் இருந்து எழுந்து உள்ளே போனார். பெட்டி மூடி திறக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

இதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பெரியப்பா குடும்பம் இந்தியா போக வேண்டியிருந்தது. இரண்டு நாட்டு அரசுகளும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், எந்த நாடு என்று மனுப் போடும்போது பெரியப்பா அந்தப் பக்கம் எழுதினார், அப்பா இந்தப் பக்கம் எழுதினார். அப்பாவுக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்தது. பெரியப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்து, புறப்படும் நாளும் குறித்தாகிவிட்டது. அங்கே வீடில்லை, தெரிந்த முகம் இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அப்பா மலையில் இருந்து வந்தபோது பெரியப்பா ஈரத்துணியை ராணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டி வாசலில் இருந்தது. நானும் அண்ணனும் பக்கத்தில் நின்று, "பிய்க்காதீங்க, தானா வரணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். அப்பா தோளில் சாக்கோடு நின்றார்.

"பெட்டிய கொண்டு போங்க அண்ணே. ராணிய வச்சிட்டுப் போங்க."

"மூத்தவன் நான்."

"அப்பனுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துனது எம்பொண்டாட்டி."

பெரியப்பா எழுந்தார். "ஒனக்கு இங்க மல இருக்கு, பேரு இருக்கு, காம்பரா இருக்கு. எனக்கு என்னாடா இருக்கு? தெரியாத ஊருல போயி தெருவுல நிக்கப் போறேன். இதையும் புடுங்குறியா?"

"நீங்களாத்தான எழுதிக் குடுத்தீங்க? நான் வேணாம்னுதான சொன்னேன்?"

பெரியப்பா அப்பாவின் வாயில் குத்தினார். அம்மா வாசலோரத்து அடுப்பை விட்டு ஓடி வந்து நடுவே புகுந்தாள். பெரியப்பா அவளைத் தள்ளினார். அவள் பின்னால் சாய்ந்து அடுப்பின் மேல் விழுந்தாள், கொதித்துக்கொண்டிருந்த தேநீர்த் தண்ணீர் தோள் முதல் முழங்கை வரை கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் லயம் முழுக்க வெளியே வந்துவிட்டது.

அப்பா சாக்கை உதறினார். கத்தி கைக்கு வந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு கிளையை வெட்டும் அதே வீச்சு, கீழிருந்து மேலாக, தன் பக்கமாக இழுத்து. பெரியப்பா வலது கையை நீட்டி மறித்தார். மணிக்கட்டுக்கு மேலே சதை வாயைத் திறந்த மாதிரி பிளந்தது. முதலில் வெள்ளையாக எதுவோ தெரிந்தது, பிறகுதான் இரத்தம். பெட்டி மூடியில் இருந்த முருகன் மேலெல்லாம் தெறித்தது. அப்பா மறுபடி கத்தியை ஓங்கினார். அப்போது பெரியம்மா, ஆயுசு முழுக்க அடி வாங்கியவள், விறகுக் கட்டையை எடுத்து அப்பாவின் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அவர் விழுந்தார். கத்தியை யாரோ காலால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டார்கள்.

அம்மாவைத் தள்ளியதைப் பொறுக்காமல்தான் அப்பா வெட்டினார் என்று லயத்தில் சொன்னார்கள். அப்பாவை அப்படியே எல்லோரும் மன்னித்தார்கள், அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். நான் பக்கத்தில் நின்றவள். அம்மா அடுப்பில் விழுந்தபோது அப்பா திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கண் பெட்டி மூடியில் இருந்தது. அம்மா இறக்கும் வரை இதை நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பெரியப்பாவைத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்பா பூனாகலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே ஓடினார். இந்தக் களேபரத்தில் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஈரத்தில் ஊறிப்போயிருந்த ராணியை மெதுவாக உரித்தெடுத்து, முகம் கீழாகப் பேப்பருக்குள் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். ஓரம் கிழியாமல் எடுத்துவிட்டான்.

அம்மாவின் கைப்புண் சீழ் வைத்துவிட்டது. கட்டுப் போட அவளும் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது, என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெரியப்பா வார்டில் கிடந்தார், கை தலையணை போலக் கட்டுப் போட்டு. பெரியம்மா கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்தாள். அதற்கு முன்தினம் பொலிஸ் வந்து விசாரித்துப் போனதாக அவள்தான் சொன்னாள்.

"என்னா சொன்னாரு?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டாள்.

"கவ்வாத்து வெட்டயில வழுக்கிருச்சுன்னுட்டாரு. அவனும் ஒம்பது விதமா மாத்தி மாத்திக் கேட்டான். இந்த மனுசன் ஒரே பேச்சு. வழுக்கிருச்சு சார், வழுக்கிருச்சு சார்."

பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்து இறங்கி வரும் வழியில், கடைத்தெருவில், கைக்கடிகாரம் திருத்தும் கடை ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் முத்திரைப் பாக்கெட்டுகள் தொங்கின. அண்ணன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தான். கடைக்காரர் முஸ்லிம், தொப்பி போட்ட நடுவயதுக்காரர், எங்கள் பக்கத்து வழக்கத்தில் அண்ணன் முறைக்கு 'நானா'. கடிகாரம் பார்க்கும் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு ராணியைப் பார்த்தார்.

"எங்க கெடச்சது மகன்?"

"எங்க தாத்தா பெட்டியில, நானா. பல்லு இல்ல, பாருங்க. பல்ல வெட்டியும் எடுக்கல."

அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காய்ந்த பசை மூடியிருந்தது. ஈர விரலால் மெதுவாகத் தேய்த்தார். பசை கரையக் கரைய மையெழுத்து தெரிந்தது, ஒரு வரியின் துண்டு, தமிழ்தான்.

"முத்திரைக்குப் பின்னால யாரும் கடுதாசி எழுதுவாங்களா மகன்? இது போஸ்ட்காட். காட்லயே அச்சடிச்சு வாற ராணி. யாரோ சுத்தி வர வெட்டி எடுத்திருக்காங்க. அதான் பல்லு இல்ல, தாளும் தடிப்பு."

அம்மா கேட்டாள்: "இதுக்கு என்னா கெடைக்கும் மொதலாளி?"

"ஒண்டும் கெடைக்காது தங்கச்சி."

அம்மா தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் கையில் இருந்து ராணியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். வார்டுக்குள் போய்ப் பெரியப்பாவின் இடது கையில் அதைத் திணித்தாள்.

"இந்தாங்க, பங்களா. போஸ்ட்காட் துண்டாம். ஒரு சதம் பெறாதாம்."

பெரியப்பா அதை விரலால் திருப்பிப் பின்பக்கத்து எழுத்தைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் போட்டு மென்றார், வெற்றிலை மெல்வது போலத் தாடையை அசைத்து மென்றார். கட்டிலுக்குக் கீழே இருந்த படிக்கத்தில் துப்பிவிட்டு, "அவன் பூனாகலையில இருந்து வந்துட்டானா?" என்று கேட்டார். வந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். அப்பா வரவில்லை என்று எனக்குத் தெரியும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கை ஆறியது, ஆனால் விரல்கள் மடங்கவே இல்லை. வலது கை ஒரு மரக்கரண்டி மாதிரி தொங்கியது. பெரியம்மா தோட்டத்துக்குத் திரும்பி வந்த அன்று முதல் காரியமாக எங்கள் பிஸ்கட் டின்னை எடுத்துக் கானுக்குள் கவிழ்த்தாள். மழைத்தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தியா, இங்கிலாந்து, பர்மா, அந்த முக்கோணப் பறவை எல்லாம் முகம் மேலாக மிதந்து, லயத்தின் கோடியில் திரும்பி, மலையில் இறங்கிப் போயின. நானும் அண்ணனும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் குதித்து எடுக்கவில்லை. அண்ணன் இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசுவோம். முத்திரையைப் பற்றி இதுவரை ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அப்பா திரும்பி வந்தார். அம்மா அவரிடம் போஸ்ட்காட் விஷயத்தைச் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "கை?" என்று மட்டும் கேட்டார். "வெரலு மடங்காது" என்றாள் அம்மா. அதன் பிறகு அவர் கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை. கங்காணியிடம் கெஞ்சி, கிழடுகளுக்குக் கொடுக்கும் புல்லு சுரண்டும் வேலைக்குப் போனார். லயத்து ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவன் ஒருவனை மண்வெட்டிக் காம்பால் அடித்துப் பல்லை உடைத்தார். சாது என்ற பேச்சு அதோடு நின்றது.

புறப்படும் நாளில் பெரியப்பா அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிவிட்டார். அப்பா பின்னாலேயே நடந்தார், அம்மாவும் நானும் அவருக்குப் பின்னால். பெரியம்மாவின் தலையில் இருந்த தகரப்பெட்டியை வழியில் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அப்புத்தளை ஸ்டேசன் வரைக்கும் அவரே சுமந்தார். பனி மூடியிருந்தது. மேடை முழுக்க ஊருக்குப் போகிறவர்கள், அவர்களைக் கட்டிப்பிடித்து அழுகிறவர்கள். கோச்சி வந்ததும் அப்பா பெட்டியை உள்ளே ஏற்றி ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கி ஜன்னலுக்கு நேராக நின்றார்.

"அண்ணே" என்றார்.

பெரியப்பா முகத்தைத் திருப்பவில்லை. விசில் அடித்தது. கோச்சி அசைந்தது. அப்போது பெரியப்பா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, இடது கையால் அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மேடையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த கை திரும்பிப் போகவில்லை. அதே கன்னத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. அப்பா அந்தக் கையோடு கோச்சிக்குப் பக்கத்தில் நடந்தார், பிறகு ஓடினார், மேடை முடியும் வரை ஓடினார்.

திரும்பி வரும்போது அப்பாவின் கன்னம் வீங்கி விரல் தடம் சிவந்திருந்தது. தோட்டத்து முதல் வளைவு வந்ததும் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள்:

"ரொம்ப வலிக்குதா?"

அப்பா நின்றார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் குரலில் அழுகை இல்லை.

"எடது கையாலயும் நல்லாத்தான் அடிக்கிறாரு," என்றார். "பொழச்சுக்குவாரு."